சானிபெல் போகிறோம்: சாண்ட் டாலர் எடுக்கலாமா, எப்படிச் சுத்தம் செய்வது?

கார்த்தி_ஆர்லாண்டோ:
வணக்கம் மக்களே. மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக்குக்குக் குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் இருக்கிற சானிபெல் தீவுக்குப் போகிறோம். மகள் நாலாம் வகுப்பு, இப்போதைக்கு அவளுக்கு சாண்ட் டாலர் (கடல் மணலில் வாழ்கிற தட்டையான வட்ட உயிர், ஓட்டின் மேல் பூ மாதிரி வடிவம் இருக்கும்) பைத்தியம், வீட்டில் எல்லாத் தாளிலும் அந்த ஐந்து இதழ் பூவைத்தான் வரைந்துகொண்டிருக்கிறாள். போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாளி நிறையப் பழுப்பு நிறத்தில் அள்ளிக்கொண்டு வந்து, வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்று பால்கனியில் பரப்பி வைக்க, இரண்டே நாளில் அந்தத் தளம் முழுக்க நாற்றம். அதைப் பார்த்த பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டே போகலாம் என்று தோன்றியது. எது எடுக்கலாம், எது கூடாது, எடுத்ததை எப்படி வெள்ளையாக்குவது? ஜூனில் மதுரை போகும்போது ஒன்றிரண்டு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் சொல்லுங்கள்.

சிப்பி_ரசிகை:
கார்த்தி, நான் ஃபோர்ட் மையர்ஸ்காரி, நீங்கள் போகிற சானிபெல்லுக்கு நேர் எதிர்க்கரை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அள்ளியது ஓடு இல்லை, உயிர். பழுப்பாக, மேலே வெல்வெட் துணி போர்த்தியது மாதிரி மெல்லிய முடி இருந்தால் அது உயிரோடு இருக்கிறது, அல்லது செத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. அந்த முடி எல்லாம் முட்கள். கடைகளில் பார்க்கிற வெள்ளை வட்டம் அதன் எலும்புக்கூடு. முள் எல்லாம் உதிர்ந்து, தோல் போய், வெயிலும் உப்பும் வெளுத்த பிறகுதான் அப்படி ஆகும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இங்கே சுற்றுலா வருகிறவர்கள் நிறையப் பேர் மாட்டுவது இதில்தான். சானிபெல்லில் 1995 முதலே உயிருள்ளதை எடுக்கத் தடை. 2002 மார்ச்சிலிருந்து சானிபெல் அடங்கிய லீ கவுன்ட்டி முழுக்கவே தடை, ஆய்ஸ்டரும் ஒன்றிரண்டு வகை கிளாமும் கோகினா என்கிற பொடிச் சிப்பியும் மட்டும் விலக்கு. சிப்பி என்றுதானே சட்டம், இது சிப்பி இல்லையே என்று வாதாட முடியாது. சாண்ட் டாலர், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி மூன்றையும் அந்த விதிக்குள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். மீறினால் 500 டாலர் வரை அபராதம், 60 நாள் வரை சிறைக்கும் இடம் உண்டு. இன்னொன்று, தீவின் வடபக்கம் இருக்கிற டிங் டார்லிங் சரணாலயத்துக்குள் காலி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. பறவை பார்க்க அங்கே போவீர்கள், மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், அப்புறம் அழுகை வேண்டாம்.

மற்றபடி பொதுக் கடற்கரையில் காலி ஓடு தாராளமாக எடுக்கலாம், அதற்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை.

மெய்யப்பன்_ஹூஸ்டன்:
எனக்கு ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே டெக்சஸில் கால்வெஸ்டன் கரைக்குப் புயல் அடித்த மறுநாள் போய்ப் பாருங்கள், நூற்றுக்கணக்கில் கரையில் கிடக்கும். அத்தனையும் மதியத்துக்குள் வெயிலில் காய்ந்து சாகத்தான் போகிறது. அதில் நாலு எடுத்தால் என்ன குடி முழுகிப்போகும்? கடலில் கோடிக்கணக்கில் இருக்கிறது. மனிதன் இறால் வலை போட்டுக் கடல் தரையையே வாரி எடுக்கிறான், அதைக் கேட்க ஆளில்லை, குழந்தை கையில் ஒரு சாண்ட் டாலர் இருந்தால் மட்டும் சட்டம்.

சிப்பி_ரசிகை:
மெய்யப்பன் சார், இறால் வலை பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "எப்படியும் சாகப் போகிறது" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈரமாக இருந்து முள் அசைந்தால் அதைத் தண்ணீரில் வைத்தால் பிழைக்க வழி இருக்கிறது. காய்ந்து விறைத்துவிட்டால் முடிந்தது, தூக்கிப் போட்டும் பயனில்லை. இரண்டையும் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த ஆள் எடுத்தால் பரவாயில்லை, நூறில் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. அதனால்தான் விதி முரட்டுத்தனமாக இருக்கிறது.

முட்தோலி_மாணவன்:
இந்த இழைக்காகவே காத்திருந்தேன் போல. கடல் உயிரியல் முதுகலை படிக்கிறேன், ஆய்வு கடல் முள்ளெலிகள் பற்றி, சாண்ட் டாலர் அதற்கு நேரடிச் சொந்தம். பள்ளியில் முட்தோலிகள் என்று படித்திருப்பீர்களே, நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாம் இருக்கிற தொகுதி, அதில் கடல் முள்ளெலி வகுப்புக்குள்ளேயே இதுவும் வரும். உருண்டையான முள்ளெலியை மணலுக்குள் புதைந்து வாழ்வதற்குத் தோதாகத் தட்டையாக்கி, நீண்ட முள்ளைக் குட்டையாக்கினால் கிடைப்பது சாண்ட் டாலர். அந்த முள்தான் அதற்கு நடக்கவும் தோண்டவும். மேல்பக்கம் தெரிகிற ஐந்து இதழ்ப் பூவில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், உயிரோடு இருக்கும்போது அந்தத் துளைகள் வழியாகக் குழாய்க்கால்கள் வெளியே நீளும், இதழ்ப் பகுதியில் இருப்பவை மூச்சு விட. மற்ற இடத்தில் இருக்கிற இன்னும் பொடியான குழாய்க்கால்கள் சாப்பாட்டுக்கு. திருப்பிப் பார்த்தால் நடுவில் வாய், அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிகிற பள்ளங்கள். மணல் துகளில் ஒட்டியிருக்கிற டயாட்டம் என்கிற நுண்பாசி, அழுகிய துணுக்கு எல்லாவற்றையும் குழாய்க்கால்கள் பொறுக்கி அந்தப் பள்ளத்தில் சேர்க்கும், சளியில் ஒட்டி அப்படியே வாய்க்கு நகரும். வாய்க்குள் ஐந்து தாடை, அரிஸ்டாட்டில் விளக்கு என்று பெயர், அதுதான் அரைக்கும்.

சானிபெல் பக்கம் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மெல்லிடா டெனுயிஸ் என்கிற இனம். ஐந்து நீள்வட்ட ஓட்டைகள் இருக்கும். கால்வெஸ்டனில் மெய்யப்பன் சார் பார்ப்பது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம், மெல்லிடா குயின்குயிஸ்பெர்ஃபொராட்டா, அட்லாண்டிக் கரையில் கரோலினா பக்கம் போனால் மெல்லிடா ஐசொமெட்ரா. மூன்றுக்கும் ஐந்து ஓட்டைதான், ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ஒரே இனமாகத்தான் எழுதிவைத்திருந்தார்கள். அந்த ஓட்டைகள் அழகுக்கு இல்லை. உடம்பு மேலே லேசாக வளைந்து கீழே தட்டையாக இருப்பதால் நீரோட்டம் வேகமானால் இதை மேலே தூக்கும் விசை உண்டாகும். 1981 இல் மால்கம் டெல்ஃபோர்ட் இதை நீரோட்டத் தொட்டியில் வைத்துச் சோதித்தார், அடியில் இருக்கிற தண்ணீர் ஓட்டை வழியாக வெளியேறி அந்தத் தூக்குவிசையைக் குறைக்கிறது என்பது முடிவு. குட்டியாக இருக்கும்போது அவை ஓட்டையாகவே இருக்காது, விளிம்பில் ஒரு வெட்டு மாதிரித்தான் தொடங்கும், வளர வளர வெட்டின் வாய் மூடி ஓட்டையாகும். வால்பக்கம் இருக்கிற ஓட்டை மட்டும் வேறு விதமாக உருவாகிறது. அதன் ஓரத்தில்தான் மலத்துளை, மகளிடம் இதைச் சொல்லுங்கள், நாலாம் வகுப்புக்கு இதைவிடப் பிடித்த தகவல் வேறு இருக்காது.

கார்த்தி_ஆர்லாண்டோ:
சொல்லிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து இன்னும் சிரிப்புச் சத்தம் வருகிறது.

பசிபிக்_பாலா:
சியாட்டிலில் இருந்து ஒரு ஆஜர். எங்கள் பக்கம் இருப்பது வேறு இனம், டென்ட்ராஸ்டர் எக்சென்ட்ரிகஸ், அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் பாஹா வரை உண்டு. ஓட்டையே கிடையாது, பூவும் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத் தள்ளி இருக்கும், உயிரோடு இருந்தால் கத்தரிப்பூ நிறம், சில நேரம் கறுப்பு. அமைதியான தண்ணீரில் இவை படுக்காது, பாதி உடம்பை மணலில் செருகி நிமிர்ந்து நிற்கும், ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசையாக, மிதந்து வருகிற துணுக்கை அப்படியே பிடித்துத் தின்னும். நீரோட்டம் கடுமையானால் படுத்துவிடும். ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கணக்கில் நிற்கிற இடங்கள் உண்டு. லோ டைட்டில் எங்கள் ஊர் பியூஜெட் சவுண்ட் என்கிற கடற்கழியின் கரையில் தண்ணீர் உள்வாங்கும்போது அந்தத் திட்டுகள் வெளியே தெரியும், ஜனங்கள் கல் என்று நினைத்து மேலேயே நடந்துபோவார்கள், காலடியில் நொறுங்கும். எடுப்பதைவிட மிதிப்பதில் சாவது அதிகமோ என்று எனக்குப் படும்.

இதன் குட்டிகள் பற்றி ஒன்று சொல்கிறேன், முட்தோலி தம்பி திருத்தட்டும். உருமாறித் தரைக்கு வந்த பொடிக் குஞ்சு மிக இலேசு, அலை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மணலில் கனமான இரும்புச்சத்துத் துகளைப் பார்த்துப் பொறுக்கி விழுங்கிக் குடலுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். முத்துக்குளிக்கிறவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவதுபோலத்தான். பெரிதானதும் அந்தப் பாரம் இல்லாமல் போய்விடும்.

முட்தோலி_மாணவன்:
திருத்த ஒன்றும் இல்லை அண்ணா, சரியாகச் சொன்னீர்கள். ஃபூ-ஷியாங் சியா 1973 இல் சயன்ஸ் இதழில் எழுதியது அது. உங்கள் ஊர் இனத்திலேயே இன்னொரு விசித்திரம் இருக்கிறது. அதன் லார்வா தண்ணீரில் மிதந்து திரியும் காலத்தில், பக்கத்தில் மீன் இருக்கிறது என்பதை மீனின் சளியை வைத்து உணர்ந்துகொள்ளும், உணர்ந்தால் ஒரு நாளுக்குள் தன்னைத்தானே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஒன்றுக்கு இரண்டு, அதுவும் அளவில் சின்னதாக, மீன் கண்ணில் படுவது கஷ்டம். உங்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான் 2008 இல் காட்டினார்கள்.

மெய்யப்பன் சார் "கோடிக்கணக்கில் இருக்கிறது" என்றாரே, அதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் தனித்தனி, இரண்டும் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடும், எதிரெதிரே சந்தித்தால் கருவாகும். நெருக்கமாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும், திட்டு கலைந்தால் ஒன்றும் நடக்காது. அப்புறம் லார்வா வாரக்கணக்கில் மிதந்துவிட்டு எங்கே இறங்குவது என்று தேடும்போது, பெரிய சாண்ட் டாலர்கள் வாழ்ந்த மணலில் கசிந்திருக்கிற ஒரு வேதிப்பொருளைத்தான் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் இறங்கும், இல்லாத இடத்தை விட்டுவிடும். டென்ட்ராஸ்டரில் இதன் காரணமும் தெரியும்: குழாய்க்கூடு கட்டி வாழ்கிற ஒரு குட்டி ஓட்டுடலி, இறங்கிய குஞ்சுகளைத் தின்றுவிடும், ஆனால் பெரிய சாண்ட் டாலர்கள் ஓயாமல் மணலைக் கிளறிக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் அதனால் கூடு கட்ட முடியாது. ஆக ஒரு திட்டிலிருந்து பெரியவற்றை வாரி எடுத்தால் அடுத்த தலைமுறைக்கு இறங்கும் இடமும் போகிறது, காவலும் போகிறது. கடல் முழுக்க எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணிக்கையை விட, சுற்றுலாப் பயணிகள் நடமாடுகிற அந்த ஒரு மணல்திட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மெய்யப்பன்_ஹூஸ்டன்:
இது நியாயமான பதில். ஆனால் நான் கேட்டது கரையில் ஒதுங்கியதைப் பற்றி, திட்டிலிருந்து பிடுங்குவதைப் பற்றி இல்லை.

பசிபிக்_பாலா:
2021 ஆகஸ்டில் ஒரேகானில் சீசைட் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் ஒதுங்கிக் காய்ந்து செத்தன, செய்தியிலும் வந்தது. அந்த மாதிரி நாளில் கரையில் வாளியோடு நிற்கிறவரைப் பார்த்து எனக்குக் கோபம் வராது சார். ஆனால் ஒதுங்கியதை எடுத்தேன் என்கிறவரும் தண்ணீருக்குள் கை விட்டு எடுத்தவரும் வாளியில் வைத்திருப்பது ஒரே மாதிரித்தானே இருக்கும், காவலருக்கு என்ன தெரியும்?

ரேவதி_சரசோட்டா:
உயிரா இல்லையா என்று பார்க்க இவ்வளவு யோசிக்க வேண்டாம். உள்ளங்கையில் ஒரு நிமிடம் வையுங்கள், கை மஞ்சளானால் உயிரோடு இருக்கிறது. எங்களைப் படகில் கூட்டிப்போன வழிகாட்டி இப்படித்தான் காட்டினார், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது.

சிப்பி_ரசிகை:
ரேவதி, அந்த மஞ்சள் விஷயம் உண்மைதான், எக்கினோகுரோம் என்ற நிறமி, கையைக் கழுவினால் போய்விடும், ஒன்றும் ஆகாது. ஆனால் சோதனை என்ற பெயரில் ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் ஐந்து நிமிடம் அதை வெளியே வைத்திருந்தால் அது மூச்சு விடுவது எப்படி? அதைவிட முக்கியம், கை மஞ்சளாகவில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமும் இல்லை. அதை நம்பி உயிருள்ளதைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் வைத்தபடியே அடிப்பக்கத்தைப் பாருங்கள், முட்கள் வயலில் காற்று போகிற மாதிரி அலையலையாக அசையும். சந்தேகமாக இருந்தால் அதை உயிர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி_சரசோட்டா:
சரி, ஆனால் தொடவே விடாமல் குழந்தைக்கு எப்படிக் கடல் பிடிக்கும்? ஒரு நொடி கையில் எடுத்துப் பார்த்த பிள்ளைதான் நாளைக்கு இதைக் காப்பாற்றும். "தொடாதே" பலகைகள் மட்டும் இருக்கிற கடற்கரையை எனக்குப் பிடிக்கவில்லை.

முட்தோலி_மாணவன்:
ரேவதி அக்கா சொல்வதிலும் பாதி சரி. எங்கள் பேராசிரியர் களப்பயிற்சியில் செய்வது: அடி தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் கடல் தண்ணீர் மொண்டு, அதில் ஒன்றை வைத்து அடிவழியாகப் பார்ப்பது. வாய், பள்ளம், முள் அசைவு எல்லாம் தெரியும், சில நேரம் முட்களுக்கு நடுவில் மிளகு அளவில் ஒரு நண்டும் தெரியும், டிசோடேக்டிலஸ் மெல்லிடே, இதன் மேலேயே ஒண்டி வாழ்கிற இனம். டப்பாவை வெயிலில் வைக்காமல் சீக்கிரம் திருப்பி விட்டுவிட வேண்டும். விடும்போது தட்டு எறிகிற மாதிரி வீசாதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். முழங்கால் ஆழம் வரை நடந்துபோய், வாய் கீழே இருக்கும்படி மணலில் படுக்க வைத்தால் போதும், தானே சாய்வாக மணலுக்குள் நுழைந்துகொள்ளும். தலைகீழாக விழுந்தால் தட்டையான உடம்பை வைத்துக்கொண்டு புரள்வது அதற்குப் பெரிய பாடு.

தஞ்சை_மைந்தன்:
உடைத்தால் உள்ளே ஐந்து புறா இருக்கும் என்று இங்கே சர்ச்சில் ஒரு பாட்டி கதை சொன்னார். மேலே இருக்கிற பூ பெத்லகேம் நட்சத்திரம், ஓட்டைகள் சிலுவைக் காயங்கள் என்றெல்லாம். அது நிஜமா?

சிப்பி_ரசிகை:
புறா மாதிரி விழுவது அந்த ஐந்து தாடையின் துண்டுகள், தம்பி சொன்ன அரிஸ்டாட்டில் விளக்கு. கதை அழகு, யார் வீட்டு நம்பிக்கையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதைக்காகவே இங்கே பரிசுக் கடைகளில் பை பையாக விற்கிறார்கள், கார்த்தி அதையும் கவனியுங்கள். கரையில் கிடைக்கவில்லையே, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒரே அளவில், ஒரு கீறல்கூட இல்லாமல், பளிச்சென்று வெள்ளையாகப் பத்து இருக்கிற பை என்றால் அவை பெரும்பாலும் செத்து ஒதுங்கியவை இல்லை, உயிரோடு எடுத்து வெளுத்தவை. கரையில் தானாகக் கிடைப்பதில் பத்துக்கு எட்டு விளிம்பு உடைந்துதான் இருக்கும்.

மெய்யப்பன்_ஹூஸ்டன்:
அப்போ காலி ஓடு எடுத்தால் எந்தப் பாதகமும் இல்லை, அவ்வளவுதானே? அதையாவது நிம்மதியாக எடுக்க விடுங்கள்.

முட்தோலி_மாணவன்:
முழு நிம்மதி தர முடியாது சார், மன்னிக்கணும் :) காலி ஓட்டில் பாசி, பிரையோசோவா என்கிற பொடி உயிர்க்கூட்டம், குழாய்ப்புழு எல்லாம் ஒட்டி வளரும், கடைசியில் நொறுங்கிச் சுண்ணாம்பு மணலாகக் கடற்கரைக்கே திரும்பும். ஸ்பெயினில் யார்கா என்று ஒரு மத்தியதரைக் கடற்கரையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1978 முதல் 1981 வரை எடுத்த கணக்கையும் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கையும் ஒப்பிட்டால், சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ மூன்று மடங்கானார்கள், சிப்பி ஓடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அது கிளாம் ஓடுகளைப் பற்றிய ஆய்வு, சாண்ட் டாலர் இல்லை, ஆனால் ஆளுக்குக் கொஞ்சம் என்பது எங்கே போய் நிற்கும் என்று காட்டுகிறது. அதற்காக ஒன்றுமே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் மேசையிலேயே இரண்டு இருக்கிறது.

மெய்யப்பன்_ஹூஸ்டன்:
இரண்டு என்று நீங்கள் சொன்னதால் என் அலமாரியில் எத்தனை என்று நான் சொல்லப் போவதில்லை.

சிப்பி_ரசிகை:
சார் 😀

சரி, கார்த்தி கேட்ட சுத்தம் செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். முள் முழுவதும் உதிர்ந்து, சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில், மொழுமொழு என்று இருப்பதை மட்டும் எடுங்கள். பச்சை பூத்து, பாதி முள் ஒட்டிக்கொண்டு, மூக்கில் வைத்தால் குடலைப் புரட்டுகிற நிலையில் கிடப்பதும் உயிரற்றதுதான், ஆனால் அதை விட்டுவிடுங்கள், நண்டுக்கும் நாரைக்கும் ஆகும், உங்கள் காருக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றிக்கொண்டே இருங்கள். தெளிவாகத் தெரியும் வரை. வெயிலில் காய வையுங்கள், பாதிப் பேருக்கு இதுவே போதும். இன்னும் வெள்ளை வேண்டும் என்றால் பிளீச்சும் தண்ணீரும் சம பங்கு கலந்து, பத்து நிமிடம், பக்கத்திலேயே நின்று பாருங்கள். பாத்திரத்தைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனால் திரும்பும்போது ஓரம் மாவாகி உதிரும். மைல்டாகப் போதும் என்றால் மருந்துக்கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும், அது நிதானமாக வேலை செய்யும். பிறகு நன்றாக அலசிக் காயவைத்து, வெள்ளை எல்மர்ஸ் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து தூரிகையால் இரண்டு பக்கமும் தடவினால் கெட்டியாகும்.

வினிகர் பக்கமே போகாதீர்கள். ஓடு சுண்ணாம்பு, வினிகரில் நுரைத்துக் கரையும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிளீச் இருக்கிற பாத்திரத்தில் வினிகர் விழுந்தால் குளோரின் வாயு வரும், மகள் பக்கத்தில் இருப்பாள், கவனம்.

தஞ்சை_மைந்தன்:
நம்ம ஊர்க் கடலில் இது உண்டா? வேளாங்கண்ணியில் சின்ன வயதில் நிறைய நாள் விளையாடியிருக்கிறேன், பார்த்த ஞாபகம் இல்லை.

முட்தோலி_மாணவன்:
உண்டு அண்ணா. மன்னார் வளைகுடாவில் எக்கினோடிஸ்கஸ் என்ற வகை இருக்கிறது, ஐந்துக்குப் பதில் இரண்டே இரண்டு நீளப் பிளவு, பின்பக்கமாக. மணல் அடியில் கிடப்பதால் காலில் படாமலே வளர்ந்திருப்பீர்கள்.

கார்த்தி_ஆர்லாண்டோ:
அருமை. மதுரைக்குக் கொண்டுபோவது பற்றி யாரும் சொல்லவில்லையே?

பசிபிக்_பாலா:
சாண்ட் டாலர் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிர்களின் நாடு தாண்டிய வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம்) பட்டியலில் இல்லை, அதனால் அந்த வகையில் தடை இல்லை. ஆனால் ஃபுளோரிடாவில் கடையில் பெரிய குயின் காங்க் சங்கு பார்த்து அத்தைக்கு வாங்கலாம் என்று ஆசை வந்தால் நில்லுங்கள், அது சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது, எல்லை தாண்டக் காகிதம் கேட்பார்கள். பவளமும் அப்படியே. சாண்ட் டாலரைச் சுத்தமாக, வாசனை இல்லாமல், பஞ்சு வைத்து டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டால் மதுரையில் எடுக்கும்போது பொடிதான்.

ரேவதி_சரசோட்டா:
கார்த்தி, மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். எடுப்பதில் பாதி நேரத்தை, செத்தது எப்படிச் செத்தது என்று கண்டுபிடிப்பதில் செலவிடச் சொல்லுங்கள். ஓட்டில் சுத்தமான வட்டமாக ஒரு துளை, ஐந்து நீளத் துளைகளுக்கும் சம்பந்தமில்லாத இடத்தில் இருந்தால், அது ஹெல்மெட் சங்கு துளைத்துத் தின்றது. அமிலம் விட்டு இளக்கி, நாக்கால் அராவித் துளைக்கும். என் பையன் அந்தத் துளை போட்டதை மட்டும்தான் இப்போது தேடுகிறான், முழுதாக இருப்பதைச் சீண்டுவதே இல்லை. வாளி காலியாகவே வீட்டுக்கு வருகிறது, எனக்கும் நிம்மதி.

முட்தோலி_மாணவன்:
இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருடிக்கொள்கிறேன் அக்கா.

கார்த்தி_ஆர்லாண்டோ:
எந்த நேரத்தில் போனால் நன்றாக இருக்கும்? மார்ச்சில் தண்ணீருக்குள் இறங்கலாமா, திருக்கை பயம் உண்டா?

சிப்பி_ரசிகை:
அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லோ டைட் நேரம் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், தண்ணீர் உள்வாங்க உள்வாங்கக் கூடவே நடக்கலாம். டிசம்பர், ஜனவரியில் இன்னும் நன்றாக வற்றும், வடக்கிலிருந்து அடிக்கிற காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், ஆனால் மார்ச்சும் மோசமில்லை. கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவில் தேங்குகிற பள்ளத்தைப் பாருங்கள், மணலில் கோடு கோடாகத் தடம் போயிருந்தால் அதன் முனையில் ஒன்று புதைந்திருக்கும், உயிரோடு. பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். காலி ஓடு கிடைப்பது அலை கடைசியாக வந்துபோன குப்பைக் கோட்டில்.

திருக்கை ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அதிகம், மார்ச் கடைசியில் தண்ணீர் சூடானால் அப்போதே வந்துவிடும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடங்கள், அதிர்வு கேட்டு அது ஓடிவிடும். அப்படித் தேய்க்கும்போது பாதத்தில் தட்டையாக, சொரசொரவென்று ஏதாவது பட்டால் அது சாண்ட் டாலர், அழுத்தாமல் காலை விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள் மகளிடம்.